பஞ்சநாதனின் டேப்பும் ஒரு புன்னைக்காயும்

கடவுள் இல்லை என்பதைப் பஞ்சநாதன் பத்தாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கி இல்லாததால் மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலைக்குப் போனார். முப்பத்தைந்து வருஷம் ஒரு எண்ணைக்கூடத் தப்பாகக் குறித்ததில்லை. அவர் எட்டிப் பார்த்தால் பழுதான மீட்டர்கூடப் பயந்து ஒழுங்காக ஓடும் என்று உழவர்கரைப் பக்கம் சொல்வார்கள். முதலில் சொன்னவர் பஞ்சநாதன்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பதவி, பெத்தாங் மைதானத்தில் டேப் பிடிப்பது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம் அது. முதலில் ஒரு சின்ன மரக்குண்டை எறிவார்கள்; பிறகு ஆளாளுக்கு இரும்புக் குண்டு எறிவார்கள். யார் குண்டு அதற்குக் கிட்டே நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. மரக்குண்டுக்கு அவன் பாஷையில் பன்றிக்குட்டி என்று பெயராம். நம் ஊரில் வெறும் குட்டி.

எது கிட்டே என்று தகராறு வந்தால் டேப்பால் அளக்க வேண்டும். மாதா கோயில் தெருக்காரர் அளந்தால் பெருமாள் கோயில் தெருக்காரர் நம்பமாட்டார். மாற்றிச் செய்தாலும் அதே கதை. எந்தச் சாமிக்கும் வேண்டாதவர் பஞ்சநாதன் ஒருவர்தான் என்று இரண்டு தெருவும் டேப்பை அவர் கையில் கொடுத்தன. அவரும் ஒரு விதி போட்டார். அளக்கும்போது பத்தடிக்குள் யாரும் வரக்கூடாது.

இரண்டு வருஷமாக அவர் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. மனைவி கண்ணகி சொல்லிப் பார்த்தாள்.

"கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வந்துடலாங்க. நேத்து பக்கத்து வீட்டுக்காரம்மாவை நான்னு நெனச்சு என்னாடி கண்ணகின்னீங்க."

"அது அவங்க என்னை மாதிரி புடவை கட்டியிருந்தாங்க."

"உங்கள மாதிரியா?"

"உன்னை மாதிரி. நாக்கு தடுமாறிடுச்சு. கண்ணு தடுமாறல."

இப்படி இருக்கையில் கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்தது. ஒரு பக்கம் லூர்துபிரகாஷ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வில்லியனூர் மாதாவுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தார். எதிரே ஆனந்தராஜ், பெருமாளுக்கு நூற்றெட்டுத் தேங்காய். மேலே இரண்டு சாமிக்கும் நெருக்கடி என்பது தெரிந்ததுதான். பதிமூன்று எடுத்தால் ஜெயம்; பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் நின்றது. லூர்து கடைசிக் குண்டை எறிந்தார். குண்டும் குண்டும் மோதித் தீப்பொறி பறந்தது, புழுதி கிளம்பியது, ஆளாளுக்குக் கத்தினார்கள். புழுதி அடங்கியதும் பஞ்சநாதன் தனியாக உள்ளே போய்க் குந்தி, டேப்பை இழுத்து, இரண்டு தரம் அளந்தார்.

"லூர்து. ஒரு விரக்கடை."

பிறகு எழுந்திருக்கப் பக்கத்திலிருந்த புன்னை மரத்தின் வேரில் கையை ஊன்றினார். உள்ளங்கையில் ஏதோ உருண்டது. கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். குட்டி. அப்படியானால் தான் எதிலிருந்து அளந்தோம் என்று அவர் குனிவதற்குள், மரத்திலிருந்து ஒரு அணில் இறங்கியது. நடுவில் கிடந்த உருண்டையைக் கவ்வியது, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது, மேலே போய்விட்டது. அணில் கொண்டுபோனது குட்டி அளவே இருந்த புன்னைக்காய் என்று அந்த மைதானத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் குட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மொன் தியே!" லூர்து பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "தீர்ப்பு சொன்ன உடனே மாதா குட்டிய எடுத்துக்கிட்டா. மறுபடி யாரும் அளக்கக் கூடாதுன்னு!"

"யோவ் லூர்து, அது முதுகுல மூணு கோடு பாத்தியா? ராமர் போட்டது. போனது என்னா? பன்னிக்குட்டி. வராகம்யா! அவதாரத்தையே அணில் தூக்கிக்கிட்டுப் போவுது. கோப்பைய நீயே வச்சுக்கோ," என்றார் ஆனந்தராஜ்.

மறுநாள் விடிந்தபோது மரத்தின் கிழக்கே மெழுகுவர்த்தி, மேற்கே ஊதுவத்தி. பத்து மணிக்குக் காலாப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பக்தர்கள் வந்தார்கள். அணிலுக்குப் பாதாம் பருப்பு வைத்தார்கள். மதியம், மரம் யார் தெருவைச் சேர்ந்தது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பஞ்சநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. விபூதி கொட்டிய படம், கண்ணீர் விட்ட மாதா சுரூபம் என்று எத்தனையோ அற்புதங்களை நேரில் போய்க் கலைத்தவர் அவர். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "நீ கண்ணால பாத்தியா?" இன்றைக்கு நாற்பது பேர் பார்த்தோம் என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அற்புதம் போய்விடும். கூடவே டேப்பும் போய்விடும். சொல்லாவிட்டால் புதுச்சேரியில் இன்னொரு புண்ணிய ஸ்தலம், அதுவும் அவர் கையால் திறந்து வைத்தது.

துவைக்க எடுத்த சட்டையில் குட்டி கிடைத்தது கண்ணகிக்கு. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்ப அணில் தூக்கிக்கிட்டுப் போனது?"

"காய்."

"நீங்க அளந்தது?"

பஞ்சநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

"வீட்டுல சாமி படமே கூடாதுன்னீங்க. தப்பே பண்ணாத ஒரு சாமிக்கு நாப்பது வருஷமா நான்தான் வடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். போய்ச் சொல்லிட்டு வாங்க, ரசம் சூடு பண்ணி வைக்கிறேன்."

சாயங்காலம் மரத்தடியில் கூட்டம். பஞ்சநாதன் குட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ பாருங்க. நேத்து நான் அளந்தது புன்னைக்காயிலேர்ந்து. நான் தப்பா அளந்துட்டேன்."

கூட்டம் அவர் கையிலிருந்த குட்டியைப் பார்க்க முண்டியடித்தது.

"திரும்பி வந்துடுச்சு!" என்றார் லூர்து. "மேல போன குட்டி நாஸ்திகன் பாக்கெட்டுல வந்து எறங்கியிருக்கு!"

"அத விடுய்யா," என்றார் ஆனந்தராஜ், கண்கலங்கி. "பஞ்சநாதன் தப்புன்னு ஒத்துக்கிட்டான்யா! காது குளுர கேட்டேன். மனுஷ சக்தியால நடக்கிற காரியமா இது?"

யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். ஒரு அம்மா அவர் காலைத் தொட வந்தாள். பஞ்சநாதன் இரண்டடி பின்னால் குதித்தார். குட்டி கையிலிருந்து நழுவி, உதிர்ந்து கிடந்த காய்களுக்குள் உருண்டது.

"சரி," என்றார். "எல்லாரும் பத்தடி தள்ளி நில்லுங்க. இதுல எது குட்டி?"

"இடது ஓரம், சந்தேகமே இல்ல," என்றார் லூர்து.

"வலது ஓரம். பளிச்சுன்னு தெரியுது," என்றார் ஆனந்தராஜ்.

நாற்பது பேர் ஒன்பது இடத்தைக் காட்டினார்கள். நீயே சொல்லு என்று ஆனந்தராஜ் சவால்விட்டார். பஞ்சநாதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எல்லாம் பொங்கல் பானைக்குள் பார்ப்பதுபோல் வெள்ளையாக இருந்தது. வாயில் ஏதோ பழக்கமில்லாத சொல் வந்து நின்றது; வெற்றிலைக் காம்பைத் துப்புவதுபோல் துப்பினார்.

"எனக்குத் தெரியல. கிட்டப் போய்ப் பாக்கணும்."

இரண்டு தெருவும் முட்டி கடகடக்கக் குந்தித் தேடியது. இருபது நிமிஷம். கடைசியில் அது ஒரு மெழுகுவர்த்திக்கு அடியில் அகப்பட்டது. யாரும் கைகாட்டாத இடம்.

"அப்ப நேத்து ஜெயிச்சது நான்தானா?" என்றார் ஆனந்தராஜ்.

"வேர்ப்பக்கம் உன் குண்டுதான் கிட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா நேத்து என் கண்ணு லட்சணத்துக்கு அதையும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பஞ்சநாதன் டேப்பைக் கொண்டுபோய் லூர்துவின் மடியில் வைத்தார். லூர்து ஆனந்தராஜிடம் தள்ளினார். ஆனந்தராஜ் அதைத் திருப்பிப் பஞ்சநாதனிடமே கொடுத்தார். "தெரியலன்னு சொல்றவன் நீ ஒருத்தன்தான் இருக்கே. நீயே வச்சுக்கோ. ஆனா இனிமே நாங்களும் கூடக் குந்துவோம்." பத்தடி விதி அன்றோடு ஒழிந்தது. அடுத்த வாரம் பதினோரு பேர் ஒரே பஸ்ஸில் கோரிமேட்டுக்குப் போனார்கள். ஆளுக்கொரு கண்ணில் பஞ்சு வைத்துத் திரும்பினார்கள்.

அற்புதம் மட்டும் ஒழியவில்லை. யாருக்கென்று முடிவாகாத கோப்பையில் மணலை நிரப்பி மரத்தடியில் வைத்துவிட்டார்கள், வத்தி செருக. கட்டுப் பிரித்த அன்று பஞ்சநாதன் புதுக் கண்ணோடு அங்கே போனபோது, கோப்பைக்கு முன்னால் கண்ணகி நின்றிருந்தாள். இந்தத் தடவை அது கண்ணகியேதான்.

"நீயுமா? இதுக்கா கண்ணைத் தொறந்துவிட்டே?"

"நேர்ந்துக்கிட்டதுங்க. கல்யாணமான புதுசுல. இந்த மனுஷன் ஒரு தடவையாவது தெரியலன்னு வாயால சொல்லணும்னு."

வேண்டுதலுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று விளக்க அவரிடம் ஏழு காரணங்கள் இருந்தன. முதல் காரணத்துக்கு வாயைத் திறந்தவர், யோசித்து வேறொன்றைக் கேட்டார்.

"எந்தச் சாமிக்கு நேர்ந்துக்கிட்டே?"

"அது ஞாபகம் இல்லீங்க," என்றாள் கண்ணகி, தீப்பெட்டியை இடுப்பில் செருகியபடி. "ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு ஏத்திட்டேன்."