நாலு விரல் தீவு

எங்கள் தீவு ஒரு பாறைதான். இரண்டு பேர் ஏறி நின்றால் மூன்றாவது ஆள் படகிலேயே உட்கார வேண்டியதுதான். ஆனால் கடல் முழுசாக ஏறி நிற்கும் நேரத்திலும் தண்ணீருக்கு மேலே நாலு விரல் அளவுக்குத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். சர்வதேசக் கடல் சட்டத்துக்கு அது போதும். தலை தெரிந்தால் சுற்றிலும் பன்னிரண்டு கடல்மைல் நமக்கு. முங்கிவிட்டால் அதைக் காட்டி ஒரு வாளித் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

அந்த நாலு விரலுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். கடல் அளவைத் துறையில் ஒன்பது வருஷமாக அதை அளக்கிறேன். அளவு தப்பென்றால் வேலை போய்விடும். வேலை போனால் வீட்டுக்கும் போக முடியாது, ஏனென்றால் துறையின் இயக்குநர் என் மனைவியின் அண்ணன். அலுவலகத்தில் சார், வீட்டில் மச்சான், இரண்டு இடத்திலும் என் உயிரை வாங்குபவர்.

பக்கத்து நாட்டுக்குச் சந்தேகம் வந்தது. அவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பாறை உண்டு. அதன்மேல் எங்களுக்கும் சந்தேகம். முதல் நாள் அவர்கள் எங்களுடையதை வந்து பார்ப்பது, மறுநாள் நாங்கள் அவர்களுடையதைப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று காலை மச்சான் படகுத்துறையில் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மாப்ள, நேத்தே ஆறு பேரை அனுப்பிப் பாறையைச் சுத்தமா கழுவச் சொல்லிட்டேன். பறவை எச்சம் ஒரு சாண் கனத்துக்கு அப்பிக் கிடந்துச்சாம். விருந்தாளி கால் வைக்கிற இடமாச்சே!"

ஒன்பது வருஷமாக நான் எதை அளந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ மச்சான், அந்த எச்சம்தான் நம்ம தீவே!"

"ஆபீஸ் நேரத்துல சார்னு கூப்பிடு" என்றார் மச்சான்.

பக்கத்து நாட்டு அளவை அதிகாரி ஒரு பெண்மணி. சிரிக்காத முகம், பளபளக்கும் ஷூ. அவரும் நானும் பாறையில் ஏறி நின்றோம். மச்சான் படகிலிருந்தபடி பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். கடல் ஏறியது. முதலில் ஷூ நனைந்தது, பிறகு காலுறை.

"இன்னிக்கு அலை கொஞ்சம் ஜாஸ்தி மேடம்."

"காத்தே இல்லையே சார்."

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. இனி மழுப்பிப் பயனில்லை. நடந்ததை மறைக்காமல் கொட்டிவிட்டேன்.

"நீங்க வர்றீங்கன்னு கழுவித் தொலைச்சிட்டாங்க மேடம். என் கையெழுத்து போச்சு, வேலையும் போச்சு."

அவர் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"எதை வச்சுக் கழுவுனாங்க?"

"சோப்புத்தூள், கம்பி பிரஷ்."

"எங்க டைரக்டர் ஆசிட்டே ஊத்தச் சொல்லிட்டார், நீங்க வர்றீங்கன்னு" என்றார் அவர், குரலே எழும்பாமல். "அங்க கையெழுத்து என்னோடது."

தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஷூ போட்டுட்டு வராதீங்க சார். அங்க முழங்கால் வரைக்கும் வரும்."