ஒப்படைப்புத் தாள்

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் வேணும் சார்.”

கேட்டேவிட்டாள் ஜூலியா. உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரத்து இந்தப் பள்ளியில் யாரும் கேட்கக் கூடாதது அது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே தாளாளர் செல்லமுத்து வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார். கேட்டால் வேலை போய்விடும் என்பார்கள் டீச்சர்கள். “வாயத் தொறந்துடாத பாப்பா” என்று அப்பா தைரியநாதனும் சொல்லிவைத்திருந்தார். பெயரில் மட்டும்தான் தைரியம். களமருதூரில் கூலிக்கு வரப்பு வெட்டி மகளை நூலக அறிவியல் வரை படிக்கவைத்த மனுஷன்.

“இன்னாத்துக்கு?” செல்லமுத்து செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை.

“மாலத்தீவுல ஸ்கூல் லைப்ரரியன் வேலை கெடச்சிருக்கு. சென்னையில அட்டெஸ்டேஷன் வாங்கணும்.”

கத்துவார் என்று காத்து நின்றாள். அவரோ எழுந்து பீரோவைத் திறந்து, ஒரு பழுப்புக் கவரை மேசைமேல் போட்டார்.

“எடுத்துக்கினு போ. இத்த வச்சிக்கினு நான் கஞ்சியா காய்ச்சப் போறேன்? கேட்டா குடுத்திருப்பேன். நீதான் கேக்கலியே.”

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம். இதற்கா நாலு வருஷம் பயந்து செத்தோம்? கூடப் படித்த ஷீபா இரண்டு வருஷத்துக்கு முன்பே அதே தீவிலிருந்து வந்த வேலையைக் காட்டி, “சேந்தே போலாம்டி” என்றாள். கவரைக் கேட்கப் பயந்துகொண்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஜூலியா பொய் சொன்னாள். ஷீபா தனியாகப் போனாள். இப்போது ஒப்பந்தம் முடிந்து அவள் ஊர் திரும்புகிறாள். ஜூலியா போய் இறங்கும்போது அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. மிஞ்சியது ஷீபா வாட்ஸப்பில் பேசி அனுப்பியதுதான்:

“ஏஜென்ட் கேட்டா ஜெராக்ஸ் குடு, ஒரிஜினல் குடுக்காத. காண்ட்ராக்ட்ல லைப்ரரியன்னு போட்டிருக்கான்னு பாரு, இல்லன்னா கிளாஸ் எடுக்க வுட்ருவாங்க. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இல்லாம மட்டும் கெளம்பிடாத.”

“எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் வேணும் சார். லைப்ரரியன்னு போட்டு.”

இப்போதுதான் அவர் சிரித்தார். “ரெஜிஸ்டர்ல நீ ஆபீஸ் அசிஸ்டெண்ட்டும்மா. மாசாமாசம் கையெழுத்துப் போட்டது யாரு, நானா?”

அவள்தான். படித்துப் பார்த்தே போட்டாள்.

“இன்னும் ஒரு வருசம் இரு. லைப்ரரியன்னே எழுதித் தரேன்.”

“அதுவரைக்கும் அவங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்க.”

“அப்ப ஸ்டாக்க ஒப்படைச்சிட்டுப் போ. எத்தினி புக்கு கொறையுதுன்னு பாக்கணும்.”

“ஒப்படைச்சாச்சு.”

மூன்று ஞாயிற்றுக்கிழமை புத்தகம் சரிபார்த்து எழுதிய தாளை இரண்டு பிரதியாக நீட்டினாள். புதிதாகச் சேர்ந்த ஷாலினி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டிருந்தாள். செல்லமுத்து நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். காணாமல் போனவை பதினொன்று. ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் படித்தார்.

“அட்லஸ எவன் தூக்கினு போனான்?”

“கல்வராயன்மலைப் பையன் ஒருத்தன். டிசி வாங்கினு போறப்ப நான்தான் வச்சிக்கோன்னு குடுத்தேன்.”

“பெரிய தர்மப்பிரபு!” முறைத்துக்கொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. ‘2021 ஜூன் முதல் இப்பள்ளியின் நூலகராகப் பணியாற்றிய ஜூலியா ஆகிய நான்’ என்று தொடங்கியது அது. பொய் ஒன்றும் இல்லை. தீவுக்காரர்கள் இதை எக்ஸ்பீரியன்ஸ் லெட்டராக ஏற்பார்களா, தெரியாது. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நாளைக் காலை சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

செல்லமுத்து பீரோவை மூடப்போனபோது மேலே ஒரு புதுக் கவர் தெரிந்தது. ஷாலினியின் பெயர். மூன்று ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் எண்ணியவள். ஒரிஜினலைக் கொடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விஷயம் வெளியே போய்த் தன் காரியம் கெட்டுவிடும் என்று ஜூலியா வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நூலக வாசலில் ஷாலினி நின்றிருந்தாள். “கெளம்பிட்டியாக்கா?”

“உன் ஒரிஜினலத் திருப்பிக் கேளு. இன்னிக்கே கேளு.”

“அய்யோ, அத்தக் கேக்கக் கூடாதுன்றாங்களே. காலையிலதான் குடுத்தேன். நேத்தே சொல்லியிருந்தா குடுத்திருக்கவே மாட்டனேக்கா.”

ஜூலியா தன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி பைபாஸ் பக்கம் நடந்தாள்.