மடித்த பால் கவர்

தெருத்தெருவாகப் பழைய பிளாஸ்டிக் வாங்கிச் சின்னான் சைக்கிளில் கொண்டுவந்து போடும் சாக்குகளைப் பழைய சாமான் குடோனில் மயிலாள்தான் பிரிப்பாள். பால் கவர் தனி, எண்ணெய் கவர் தனி, ஷாம்பூ டப்பா தனி. தெருவுக்கு ஒரு சாக்கு. எந்தத் தெரு என்று தெரிய, சாக்கு வாயை ஒவ்வொரு நிறத்துப் பனியன் வேஸ்ட் துணியால் கட்டியிருப்பான். புளித்த பால் நாற்றமெல்லாம் அவளுக்கு எப்போதோ பழகிவிட்டது. ஆனால் ஒரு நாள் சிவப்புத் துணி கட்டிய சாக்கை அவிழ்த்தவள், பிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

உள்ளே ஒரு பால் கவர் மூன்றாக மடித்துக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால், வெட்டிய மூலைத் துண்டு உள்ளேயே இருந்தது.

குப்பைக்குப் போகிற கவரை யார் இத்தனை பதவிசாக மடிக்கிறார்கள்? மூலையைக் கத்தரித்து எங்கேயாவது வீசுவார்கள், அவ்வளவுதான். அவள் மகள் தெய்வாத்தாள் மட்டும் வீசமாட்டாள். சின்ன வயதில் தம்பியின் தொண்டையில் அப்படி ஒரு துண்டு சிக்கி, போன உயிர் திரும்பி வந்தது. அதிலிருந்து துண்டை உள்ளே போட்டு மூன்றாக மடித்தால்தான் அவளுக்கு நிம்மதி.

ஆனால் தெய்வாத்தாள் செத்துப்போனவள். பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவனோடு அவள் ஓடிப்போனபோது, அப்பன் மாரப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினான். அடுத்த மாதம் அவிநாசிபாளையத்துப் பக்கம் ஒரு கிணற்றில் பிணம் மிதந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. பச்சை ரவிக்கையைப் பார்த்துவிட்டு, நம்ம புள்ளதான் என்று மாரப்பன் சொன்னான். மயிலாளைப் பக்கத்திலேயே விடவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினான், மகராசன்.

அந்த முதல் கவருக்குப் பிறகு சிவப்புத் துணிச் சாக்கில் மடித்த கவர் வராமல் இருந்ததே இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று மயிலாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனாலோ, மாலை போட்ட போட்டோவில் அதே பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். விளக்கேற்ற எடுத்த தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். அப்படியானால் எரித்தது யார் பெற்ற பெண்ணை? எங்கேயோ ஒருத்தி இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விளக்கேற்றுவதை நிறுத்தினால் மாரப்பன் ஏன் என்று கேட்பான். அதனால் ஏற்றினாள், அந்தப் பேர் தெரியாத பெண்ணுக்காகவும் சேர்த்து.

சிவப்புத் துணி எந்தத் தெரு என்று சின்னானிடம் அவள் கேட்கவே இல்லை. தெரிந்தால் கால் சும்மா இருக்காது. அவள் பின்னாலேயே மாரப்பனும் வந்துவிடுவான்.

ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக மாரப்பன் குடோனுக்கு வந்தான். சும்மா நிற்கமாட்டாமல், மடித்துக் கிடந்த ஒரு கவரை எடுத்துப் பிரித்தான். மூலைத் துண்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது. மகன் மூச்சுக்குத் தவித்ததை அவனும் பார்த்தவன்தான். துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் மயிலாள் எல்லாச் சாக்கையும் தரையில் கவிழ்த்தாள். நாளெல்லாம் பிரித்ததைக் கையாலும் காலாலும் ஒன்றாகக் கலைத்தாள். சிவப்புத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏம்புள்ள, இது எந்தச் சாக்குல வந்துச்சு?"

"எல்லாங் கலந்து போச்சுங்க."

மாரப்பன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கிலியாக இருந்தது. துண்டைக் கவருக்குள் போட்டு, மகளைப் போலவே மூன்றாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அதனால என்ன. சின்னான் காலைல வருவானில்ல? அவங்கூட நானும் தெருத்தெருவா ஒரு சுத்து போயிட்டு வர்றேன்."

அன்றைக்கு வீட்டில் போட்டோவுக்கு அவனே விளக்கேற்றினான்.