பதம் பார்க்கிற கை

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஒன்றில் இருபது வருஷம் களத்து மேஸ்திரியாக இருந்தவன் பிச்சைமுத்து. அவித்துக் காயப்போட்ட நெல்லில் ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கிப் பார்த்து அவன் "அள்ளு" என்றால்தான் அள்ளுவார்கள். அந்த வலது கையைத்தான் சித்திரையில் மில் பெல்ட்டு இழுத்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று. மிச்ச மூன்றும் மடங்காமல் கட்டையாக நின்றன.

திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் நர்சம்மாக்கள் ஊட்டினார்கள். வீட்டுக்கு வந்தபிறகு பெண்டாட்டி பவுனம்மாள் ஊட்டினாள். இடது கையால் தின்பதற்குப் பட்டினி கிடக்கலாம் என்பது அவன் கட்சி.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா பாசிமணியைக் கொடுத்துக் கோக்கச் சொன்னாள். "நான் என்ன தொட்டில் புள்ளையா?" என்று தட்டைத் தள்ளிவிட்டான். மகள் அமிர்தம் குனிந்து மணி பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே அந்த அம்மாவிடம் என்னென்னவோ கேட்டாள். சனி அங்கேதான் பிடித்தது.

ஆவணியில் பவுனம்மாளின் அண்ணன் ரங்கசாமி ஸ்ரீரங்கத்திலிருந்து நர்ஸ் படிப்பு ஃபாரத்தோடு வந்தார்.

"திருச்சியிலயே படிப்பு மாப்ளே. ஒரு பஸ் ஏறினா வீடு. முடிச்சா சர்க்கார் வேலை."

அமிர்தம் இன்னொரு ஃபாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "நான் இதுக்குத்தான் போவேன் மாமா. ஆக்குபேஷனல் தெரப்பி. பம்பாய்ல."

"அப்படின்னா?"

"ஆஸ்பத்திரில பாசிமணி குடுத்தாங்களே, அந்தம்மா படிச்சது. கை கால் முடங்குனவங்கள அவங்கவங்க வேலைய மறுபடி செய்ய வைக்கிற படிப்பு."

"பேரே வாயில நுழையல. பாசி கோக்கப் பம்பாய்க்குப் போகணுமாக்கும்!"

பாசி என்றதுமே பிச்சைமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. "நர்ஸே போதும்," என்றான்.

"நீங்க சொன்னா ஆச்சாப்பா? படிக்கப்போறது நானு."

மறுநாள் காலையில் அவள் மில் களத்திலிருந்து ஒரு கிண்ணம் நெல்லோடு வந்தாள். "பதம் பாருங்கப்பா. புது மேஸ்திரி பதம் தப்பி அள்ளுறாராம். எல்லாம் குருணையா விழுதாம்."

பாசியைத் தள்ளியவனால் நெல்லைத் தள்ள முடியவில்லை. நெல் விரலில் நிற்காமல் கொட்டியது. கெட்ட வார்த்தை சொன்னான். அவள் பொறுக்கி மறுபடி வைத்தாள். தினமும் கிண்ணம் வந்தது, தினமும் திட்டு வாங்கியது. பதினெட்டாம் நாள் பெருவிரல் பக்கத்து விரலைத் தொட்டது. நாலு நெல் நசுங்கியது.

"இன்னும் ஒரு வெயில் காயணும்," என்றான்.

அன்றைக்குப் பவுனம்மாள் சோறு பிசைந்துகொண்டு வந்தபோது, "தள்ளு," என்றான். பாதி சோறு மடியில் விழுந்தது. மீதியை அவனே தின்றான்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் ரங்கசாமி மைப் பெட்டியோடு வந்தார். நர்ஸ் ஃபாரத்தை விரித்தார். "கைதான் வராதே மாப்ளே. அப்பா கையெழுத்துப் போடுற எடத்துல இடது பெருவிரல அமுக்குங்க, போதும்."

"நான் கைநாட்டு இல்ல மச்சான்."

அமிர்தம் பேனாவில் கந்தல் துணியைத் தடியாகச் சுற்றிக் கொடுத்தாள்.

"பம்பாய் ஃபாரம் எதுடி?"

எடுத்து வைத்தாள். ரங்கசாமி எழுந்தேவிட்டார். "புத்தி கெட்டுப்போச்சா? நர்ஸுங்கதான் உங்க உசுரக் காப்பாத்துனாங்க!"

"யாரு இல்லைன்னா? காப்பாத்துன உசுர வச்சுக்கிட்டு நான் வாயத் தொறந்துக்கிட்டே உக்காந்திருந்தேனே, அதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

'பி'க்கே வியர்த்துவிட்டது. 'த்து' போடும்போது காகிதம் கிழிந்தது.

"இத எவன் கையெழுத்துன்னு ஒத்துக்குவான்?" என்றார் ரங்கசாமி.

"ஒத்துக்காதவன இங்க வரச் சொல்லுங்க. அவன் கண்ணு முன்னாடி இன்னொண்ணு போடுறேன்."