உப்பு விளையாடும்

1

இப்போதெல்லாம் ஒருத்தன் பேச இன்னொருத்தன் கேட்பதில்லை. டீக்கடையில் ரேடியோவை அலற விட்டுவிட்டு, அதற்கும் மேலே கத்துகிறார்கள். தூத்துக்குடியில் போன கோடையில் அப்படியொரு இரைச்சலில்தான் இந்தக் கதை கிடைத்தது. பாதிதான் காதில் விழுந்தது. மீதி என் கைச்சரக்கு.

2

'அந்தச் சிறுமியின் விழிகளில் கடல்...' (வேண்டாம். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை.)

உப்பளத்தில் வேலை பார்க்கும் இசக்கியப்பனின் மகள் செண்பகம், ஐந்தாம் வகுப்பு. பிளாரன்ஸ் டீச்சர் வாயால் சொல்லி எழுதச் சொன்னது: 'உப்பளத்தில் உப்பு விளையும்.' அவள் எழுதியது: 'உப்பளத்தில் உப்பு விளையாடும்.' வகுப்பே சிரித்தது.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, காது நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் திமிர் என்றார் பெரிய வாத்தியார். "இந்தப் பரீட்சையிலயும் கோட்டை விட்டா பேரை எடுத்துருதேன், அளத்துக்கு வரட்டும்" என்றார் இசக்கியப்பன்.

3

டீச்சருக்கு ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய சாலையில் புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஓய்ந்த நேரத்தில் இவள் சரியாகத்தானே எழுதுகிறாள்? முன் பெஞ்சில் உட்கார வைத்தார். முகம் பார்த்து, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். சாலைப் பக்க ஜன்னலைச் சாத்தினார். பிழை குறைந்தது. (காது சரி, புத்தியும் சரி, நடுவில் என்னவோ சிக்கலாம். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

புழுக்கத்தில் பிள்ளைகள் சிலேட்டால் விசிறிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த முப்பிடாதி முணுமுணுத்தாள்: "ஏளா, ஒனக்காவத்தான் வேர்க்கோம். நாளைக்கு நுங்கு கொண்டாந்துரணும்."

பெரிய வாத்தியார் வந்தார். "ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளை வேகணுமா டீச்சர்?"

"இவங்க வேகுதது அரைமணி நேரம் சார். அவ அளத்துல வேகப்போறது ஆயுசுக்கும்."

4

முடிவு ஒன்று: செண்பகம் பாஸ். (சினிமா.)

முடிவு இரண்டு: பரீட்சைக்கு வேறு வாத்தியார் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கேள்வியை... (எழுத மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: பரீட்சைக்கு முந்தின நாளே இசக்கியப்பன் வந்து நின்றார். "அவளைக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். இன்னொரு தடவை எல்லாரும் சிரிக்க வேண்டாம்."

"படிக்கணுமான்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா பேந்தப் பேந்த முழிக்கா."

"அளத்துல நின்னு கத்துத மாதிரி கேட்டா முழிக்கத்தான் செய்வா. மொகத்தப் பாத்து மெதுவா கேளுங்க அண்ணாச்சி."

அவர் மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "செண்பகம். ஒனக்குப் படிக்கணுமா?"

(இங்கே அவள் வாயில் நான் வைத்த வசனம் வயசுக்குப் பொருந்தவில்லை. அடித்துவிட்டேன்.)

அவள் பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கேட்டால் ஒரு அப்பன் மாறிவிடுவான் என்று நான் இன்னும் நம்பவில்லை. பேனாவை மூடிவிட்டு நடக்கிறேன்.