நொட்டை சொல்லாத நாக்கு

கருத்தக்கண்ணன் சோற்றை நல்லாருக்கு என்று சொன்னால் அவர் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அவர் பெண்டாட்டி பாண்டியம்மாள் உயிரோடு இருந்தவரை வீட்டில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். தட்டில் கை வைத்ததுமே, இது கொழம்பா கம்மாத் தண்ணியா என்று ஆரம்பிப்பார். புளி தூக்கல், உப்புப் பத்தல, கத்திரிக்காய் வேகல. திட்டிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவார். என்றைக்காவது வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தால், பாண்டியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பெரும்பாலும் சுடும்.

அதனால்தான் குவைத்தில் இருந்த மகன் பாண்டியராஜனுக்கு நான்கு மாதமாக ஒன்றும் ஓடவில்லை.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு வருடத்தில் அறுந்துபோனது. அப்பா செல்லூர் வீட்டில் தனியாக இருந்தார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாண்டியராஜன் லீவு போட்டு வந்து, ஆபரேஷன் முடித்து, பரவை தாண்டி திண்டுக்கல் ரோட்டில் உள்ளே தள்ளி இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்துவிட்டு விமானம் ஏறினான். வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவார்கள். முதல் இரண்டு மாதம் அப்பா எப்போதும்போலத்தான் இருந்தார். சோறு விதைவிதையாக நிற்கிறது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று வாய் ஓயாமல் குறை சொன்னார். பாண்டியராஜன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பான். மூன்றாவது மாதம் ஒருநாள், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்லாருக்குப்பா" என்றார். அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும். திரையின் ஓரத்தில், போனைப் பிடித்திருந்த யாருடைய கட்டைவிரலோ தெரியும். பாண்டியராஜன் அப்பா முகத்தை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா குறை சொன்னது இல்லத்து ஆட்கள் காதில் விழுந்திருக்கும், மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று மனசு சொன்னது.

பன்னிரண்டு நாள் லீவு வாங்கினான். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, பெட்டியும் கையுமாக நேரே இல்லத்து வாசலில் போய் நின்றான்.

இரண்டரை மணியை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். குவைத்தில் அவன் பார்ப்பது சமையல்கூடங்களைச் சோதிக்கிற வேலை. தொழிலாளர் முகாம்களுக்குச் சோறு போடும் கம்பெனி அது. சொல்லிவிட்டுப் போனால் எல்லோர் கையிலும் புதுக் கையுறை இருக்கும், தரை பளபளக்கும். சாப்பாடு முடிந்து, ஆட்கள் அசந்திருக்கும் நேரத்தில் போனால்தான் ஒரு இடத்தின் உண்மையான முகம் தெரியும். கம்பெனியின் நாற்பது கேள்விகளைப் போனில் ஏற்றி, இல்லத்துக்குத் தக்கபடி மாற்றி வைத்திருந்தான்.

சூப்பர்வைசர் சுபலட்சுமி வந்து கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சொல்லிட்டு வந்திருந்தால் அப்பாவுக்குச் சவரம் பண்ணி வைத்திருப்போமே என்றாள். எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று கேட்டான். பாருங்க என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மெத்தையின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தான். தலையணையை முகர்ந்தான். அப்பாவின் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தான். படுக்கைப் புண் முதலில் அங்கேதான் வரும் என்று படித்திருந்தான். புண் இல்லை, எண்ணெய் தடவியிருந்தார்கள். நகங்கள் வெட்டியிருந்தன. கட்டிலோரத்து அழைப்பு மணியை அழுத்திவிட்டு எண்ணினான். பதினெட்டு எண்ணுவதற்குள் ஒரு பெண் ஓடிவந்து, யாருக்கு என்ன என்றாள். குளியலறையில் கைப்பிடிக் கம்பியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். ஆடவில்லை.

சமையலறையில் சமையல்காரி ஒச்சாயி இருந்தாள். ஐம்பது வயசு, கனத்த குரல். ராத்திரிக்கான சாம்பார் கொதித்து இறங்கியிருந்தது. பாண்டியராஜன் சட்டைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துச் சாம்பாருக்குள் விட்டான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்ணே, கொழம்புக்குக் காச்சலா?"

அவன் எண்ணைக் குறித்துக்கொண்டான். ஒரு வாய் ருசி பாருங்கண்ணே என்று கரண்டியை நீட்டினாள். வேண்டாம் என்றான். அவன் வேலையில் ருசி பார்ப்பது கிடையாது. பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான அண்டாக்களில் வெப்பமானியை விட்டிருக்கிறான், ஒன்றிலும் நாக்கை வைத்ததில்லை. நாற்பது கேள்விகளில் ருசிக்கு ஒரு கேள்வி இல்லை.

நாற்பதுக்கு முப்பத்தெட்டு வந்தது. நடையில் ஒரு பல்பு எரியவில்லை, குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை, அவ்வளவுதான். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய குறையாக ஒன்று அகப்பட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கோபத்தோடு கோபமாக அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

சாயங்காலம் அப்பா இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "நல்லாருக்குப்பா" என்றார். பாண்டியராஜன் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டான். குளிர்ந்திருந்தது. யாராவது மிரட்டுகிறார்களா என்று காதோரம் கேட்டான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குவைத்தில் வெயில் அதிகமோ என்று கேட்டார்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. சோழவந்தானில் சொந்தக்காரர் வீட்டு விருந்து. வாயில் வைக்க முடியாத உப்பு. அப்பா நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லி முழுசும் சாப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா இடித்துக் காட்டியதற்கு, அடுத்தவுக வீட்டில் போய் நொட்டை சொல்கிறவன் மனுசனா என்று கேட்டார்.

ஆக, இதுதான். இந்த இடம் அப்பாவுக்கு அடுத்தவர் வீடு. மெத்தை சுத்தமாக இருந்து என்ன, கம்பி ஆடாமல் இருந்து என்ன. விருந்தாளியாக உட்கார்ந்து, கிடைத்ததைப் புகழ்ந்து காலத்தை ஓட்டுகிறார்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், செல்லூர் வீட்டில் நாம் இரண்டு பேரும் இருப்போம் என்றான்.

அப்பா இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தார். "ஒன் இஷ்டம்ப்பா" என்றார்.

சுபலட்சுமியிடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. நாளைக்கு ஒருநாள் கூட்டிப் போய் வாருங்கள், நாலு மணி மாத்திரைக்குள் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், சரிப்பட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு முடிவு பண்ணுங்கள் என்றாள்.

அன்றைக்குப் போகிற வழியில் அரிசி, புளி, மிளகாய்த்தூள், உப்பு என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போய் வீட்டைத் திறந்தான். தரையைக் கழுவினான். கட்டிலில் உட்கார்ந்து, கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதத்தைப் போனில் அடித்து முடித்தான். அப்பா வந்து சாப்பிட்ட பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ சந்து முனையிலேயே நின்றுவிட்டது. அப்பா வாக்கரை ஊன்றி, சாக்கடை ஓரமாக நடந்து வந்தார். இரண்டு படி ஏற ஐந்து நிமிடம் ஆனது. தன் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். சுவரையும் சாமி படங்களையும் மரியாதையாகப் பார்த்தார். சற்றுக் கழித்து, பாத்ரூம் போகலாமாப்பா என்று கேட்டார். நாற்பது வருடம் இருந்த வீடு. பாண்டியராஜன் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

விரால் மீன் வாங்கி, கடையிலேயே வெட்டிக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். புளியைக் கரைத்தான். அம்மா செய்ததை ஞாபகம் வைத்து வெந்தயம் பொரித்தான். கொதித்து இறக்கியதும், பழக்க தோஷத்தில், வெப்பமானியை விட்டுப் பார்த்தான். எண்பத்தொன்று. திருப்தியாக இருந்தது.

அப்பா நிதானமாகச் சாப்பிட்டார். முள் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். பாண்டியராஜன் எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்திருந்தான். இது கொழம்பா என்று ஒரு சொல் வந்தால் போதும், அடுத்த நிமிடம் கடிதத்தை அனுப்பிவிடுவான்.

"நல்லாருக்குப்பா," என்றார் அப்பா. "கையலம்பவா?"

ஆட்டோக்காரர் முனையில் ஹாரன் அடித்தார். பாண்டியராஜன் குழம்புச் சட்டியை மூடிவிட்டு, தான் வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தான்.

பரவை வரை அப்பா பேசவே இல்லை. மார்க்கெட் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். இந்நேரம் ஒச்சாயி டீ போட்டிருப்பாள் என்றார். இல்லத்து வாசலில் இறங்கும்போது வாக்கரை அவரே எட்டி எடுத்தார்.

திரும்பும்போது வளைவில்தான் பாண்டியராஜன் பார்த்தான், சீட்டில் அப்பாவின் கண்ணாடிக் கூடு கிடந்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்து போனான். சாப்பாட்டு அறை ஜன்னலை நெருங்கியபோது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய குரல்.

"இது டீயா, பாத்திரம் கழுவுன தண்ணியா? ஒரு நேரம் நான் இல்லேன்னா ஒனக்கு இம்புட்டு எளக்காரமா?"

"ஆமா, மகென் வீட்டுல விரா மீனு தின்னுட்டு வந்த வாயி," என்றாள் ஒச்சாயி. "எங்க டீ எப்பிடி எறங்கும்? குடிக்கிறதுன்னா குடி பெருசு, இல்லேன்னா டம்ளரக் குடு."

"குடுக்க மாட்டேன். இன்னுங் கொஞ்சம் ஊத்து."

"மீனு எப்பிடி இருந்துச்சு? அதச் சொல்லு."

டம்ளரில் டீ ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"புள்ள ஆசையா வச்சான்," என்றார் அப்பா. "நல்லாருக்குன்னு சொன்னேன்."

பாண்டியராஜன் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றான். துணி எடுக்க வந்த சுபலட்சுமி அவனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தெனமும் இதே பாட்டுத்தாண்ணே. வந்த புதுசுல எதக் குடுத்தாலும் நல்லாருக்கும்பாரு, எங்களுக்கே சங்கட்டமா இருக்கும். ரெண்டு மாசம் ஆச்சு, அப்பறம் இந்தப் பாட்டப் பிடிச்சுக்கிட்டாரு. ஒங்க போனு வந்தா மட்டும் கப்புசிப்பு. வெளியாளுக முன்னால நம்ம வீட்டச் சொல்லக் கூடாதாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துணியை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டாள். உள்ளே வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க என்றாள்.

உள்ளே போனால் அப்பா வாயை மூடிக்கொள்வார். பாண்டியராஜன் கண்ணாடிக் கூட்டை அவள் கையில் கொடுத்தான். நடையில் ஒரு பல்பு எரியவில்லை, மாற்றச் சொல்லுங்கள் என்றான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

செல்லூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி. பசித்தது. சோற்றைப் போட்டு, ஆறிப்போன குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தான்.

துளி உப்பு இல்லை.

மேடையைத் திரும்பிப் பார்த்தான். சனிக்கிழமை வாங்கிய பையில் உப்புப் பாக்கெட் ஓரம் கிழிக்காமல் கிடந்தது. அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய குழம்பு இது.

"உப்பே இல்ல," என்று வாய்விட்டுச் சொன்னான். வீட்டில் யாரும் இல்லை.

எழுந்து போய் பாக்கெட்டைக் கிழிக்கவில்லை. போனை எடுத்து அந்தக் கடிதத்தை அழித்தான். பிறகு தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, மீதியையும் அப்படியே சாப்பிட்டு முடித்தான்.