வாயில் குண்டூசி, தலையில் ஆமாம்

நெதெல்காவுக்குக் கோபம் வந்தால் பக்கத்து மிஷின்கூட அடங்கி ஓடும் என்று ஹஸ்கோவோ ஊரில் அந்தத் தையல் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். புதன்கிழமை காலை அவள் மிஷின் பக்கமே போகவில்லை. போனைக் கையில் பிடித்தபடி முதலாளி திமோவின் அறையில் நின்றுகொண்டிருந்தாள். போனில் தேர்வு முடிவு வந்திருந்தது. "இன்னும் தகுதி பெறவில்லை" என்று ஒற்றை வரி, கீழே அதற்கான காரணங்கள்.

விஷயம் இதுதான். பெண்களுக்குக் கோட்டு தைக்கிற அந்தக் கம்பெனியில், புது மாடலை முதலில் தைத்துப் பார்க்கிற சாம்பிள் ரூமுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பெயருக்குத்தான் வேண்டும், வேலையை ஆறு வருஷமாக நெதெல்காதான் பார்க்கிறாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதால், டிப்ளமோ வைத்திருந்த மூன்று பேர் அடுத்தடுத்து அவள் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். கோட்டுக் கைக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, நல்ல இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மகராசிகள், நன்றாக இருக்கட்டும்.

இப்போது கோட்டு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு வழி சொன்னது. டிப்ளமோ இல்லாதவர்கள் நான்கு டிஜிட்டல் பேட்ஜ் வாங்கியிருந்தாலும் போதும். இது சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ் இல்லை. போனுக்கு வருகிற ஒரு வட்டப் படம். அதைத் தட்டினால் இன்னார் இன்ன தேதியில் இந்த வேலையைச் செய்து காட்டினார், இன்னார் பார்த்தார் என்று விவரம் வரும். பெஞ்சில் எத்தனை வருஷம் உட்கார்ந்தாய் என்று அது கேட்காது. ஐம்பத்தோரு வயதில் நெதெல்காவுக்குப் பிடித்துப்போன முதல் சர்டிபிகேட் அதுதான்.

பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து வெட்டு, அளவு, மிஷின் பராமரிப்பு என்று மூன்றை வாங்கிவிட்டாள். நான்காவது ஃபிட்டிங். பொம்மைக்குக் கோட்டைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். பதிவு செய்த கேள்விகள் நடுநடுவே அவள் மொழியிலேயே ஒலிக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கேமரா மட்டும்தான். அந்தப் படத்தை ஃபின்லாந்தில் கைசா என்கிற அம்மாள் பார்த்து முடிவு சொல்வார். வெள்ளிக்கிழமைக்குள் அது கிடைக்காவிட்டால், டிப்ளமோ படித்த திமோவின் தங்கை மருமகள் திங்கட்கிழமை அந்த நாற்காலிக்கு வந்துவிடுவாள்.

திமோ போனை வாங்கி, கேள்வியும் அவள் பதிலுமாகக் காரணங்களை உரக்கப் படித்தார். "'தச்ச பிறகு ரெண்டு தோளும் சமமா இருக்கான்னு பார்த்தீங்களா?' இல்லை. 'ஊசி மாத்தும்போது மிஷினை நிறுத்துவீங்களா?' இல்லை. 'தப்பு நடந்தா மேலதிகாரிகிட்ட மறைப்பீங்களா?'" கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "ஆமாம். ஏம்மா, மறைக்கிறதையாவது மறைச்சிருக்கக் கூடாதா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

"பரீட்சை கொடுத்தது நீயா, பொம்மையா?"

நெதெல்கா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாயைத் திறந்தால் வேலையே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி நிலையத்துக்கு ஓடினாள். கூடவே பக்கத்து மிஷின் பென்காவும் கையில் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா பலகாரப் பொட்டலத்தோடு கிளம்பினாள். சண்டை நடக்கிற இடத்துக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்பது பென்காவின் கொள்கை. பயிற்சி ஆசிரியை ராய்னா படத்தைப் போட்டுக் காட்டினாள். படத்தில் நெதெல்கா உதட்டுக்கு நடுவில் எட்டுக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, கோட்டின் தோளைக் கிள்ளிக் கிள்ளிக் குத்துகிறாள். கேள்வி வருகிறது. ஊசி இருக்கிற வாயால் பேச முடியாதே, தலையாட்டுகிறாள்.

"தெளிவா ஆமாம்னுதானே சொல்றீங்க" என்றாள் ராய்னா.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

மூன்று தரம் போட்டுப் பார்த்தார்கள். மூன்று தரமும் ஆமாம்தான். ஃபின்லாந்து அம்மாளுக்குக் கண் பார்வை மங்கலா என்று ராய்னாவே கேட்டுவிட்டாள். பென்கா மட்டும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நெதெல்கா, தலையை எப்படிடி ஆட்டுறே?"

"எல்லாரும் ஆட்டுற மாதிரிதான்."

"எல்லாரும்னா யாரு? நாம பக்கவாட்டுல ஆட்டினா ஆமாம், மேலே தூக்கினா இல்லை. வெளியூர்ல அப்படியே தலைகீழ். நான் ஜெர்மனிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனேனே, முதல் நாள் 'சாப்பிடுறியா'ன்னு கேட்டாங்க. ஆமாம்னு ஆட்டினேன். தட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. மூணு நாள் இதே கதை. அந்த ஊர்ல மகா கஞ்சங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

ராய்னா முதலில் சிரித்தாள். பென்காவும் சிரித்தாள். நெதெல்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே கண் நிறைந்துவிட்டது. "இருபத்தொன்பது வருஷம் உழைச்ச கையை ஒரு கழுத்து கவுத்துடுச்சே" என்றாள்.

ராய்னா உடனே ஃபின்லாந்துக்கு எழுதினாள். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. காரணம் புரிகிறது, ஆனாலும் பழைய பதிவை வைத்துக்கொண்டு முடிவை மாற்ற விதி இடம் கொடுக்காது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரலையில் மறுபடி செய்து காட்டட்டும், ராய்னா மொழிபெயர்க்கலாம்.

வியாழக்கிழமை முழுக்க பென்கா அவளுக்கு வெளியூர்த் தலையாட்டல் சொல்லிக்கொடுத்தாள். "டீ வேணுமா? ஆட்டு. அப்படி இல்லடி, மேலேயும் கீழேயும்." மூன்று மணி டீ வந்தபோது நெதெல்கா எப்படி ஆட்டினாளோ, டீக்காரர் குழம்பிப்போய் அவளுக்குக் கொடுக்காமலே போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஆமாமும் மறந்தது, இல்லையும் மறந்தது.

"போதும் விடுடி" என்றாள் நெதெல்கா. "என் கழுத்து என் ஊர்க் கழுத்தாவே இருக்கட்டும். கேள்விக்குக் கேள்வி ஊசியைக் கையில எடுத்துட்டு வாயாலயே சொல்றேன்."

"ஊசியே வாயில வைக்காம இருந்தா என்ன?"

"அப்புறம் கை ஓடாது."

வெள்ளிக்கிழமை கம்பெனி சாம்பிள் ரூமில் மாட்டிய பெரிய திரையில் கைசா வந்தார். அறுபது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைப் பார்த்ததும் நெதெல்காவுக்குப் பாதி பயம் போனது. திமோ கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். கம்பெனியின் போன வருஷ மாடல் ஒன்றைப் பொம்மைக்குப் போடச் சொன்னார் கைசா.

நெதெல்கா ஊசிகளை வாயில் கவ்வினாள். கோட்டைப் போட்டு, பித்தானை மாட்டி, இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். அந்தத் தோள். அவளுக்குத் தெரியாத தோளா?

"ரெண்டு தோளும் சமமா இருக்கான்னு பார்த்தீங்களா?" ராய்னா கேட்டாள்.

தலை தானாக ஆடப் பார்த்தது. அதை நிறுத்தி, ஊசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். "பார்த்தேன். சமமா இல்லை. இடது பக்கம் அரை சென்டிமீட்டர் இறங்குது. தையல் தப்பு இல்லை, வெட்டுற பேட்டர்ன்லயே தப்பு."

சுவரோரம் திமோ இருமினார்.

மறுபடி ஊசி வாய்க்குப் போனது, மறுபடி கைக்கு வந்தது. மிஷினை நிறுத்துவேன். துணியின் நூலோட்டம் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று பதில் வந்தது. கடைசியாக, "தப்பு நடந்தா மேலதிகாரிகிட்ட மறைப்பீங்களா?"

நெதெல்கா திமோவை நேராகப் பார்த்தாள். "மறைக்க மாட்டேன். இதே தோளைப் போன செப்டம்பர்ல இவர்கிட்ட காட்டினேன். 'எட்டாவது படிச்சவ எனக்குப் பேட்டர்ன் சொல்லித் தர்றியா'ன்னார். நானூறு கோட்டு திரும்பி வந்துச்சு. திட்டு வாங்கினது தையல் பொண்ணுங்க."

ராய்னா தயங்கினாள்.

"சொல்லும்மா. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."

ராய்னா சொன்னாள். அதற்குள் நெதெல்கா தோள் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கம் கொஞ்சம் தூக்கி, பன்னிரண்டு ஊசியில் நிறுத்திவிட்டாள். பொம்மையைத் திரைப் பக்கம் திருப்பினாள். இரண்டு தோளும் ஒரே கோட்டில் நின்றன. போன செப்டம்பரிலிருந்து மனசில் சுமந்த வேலை அது. முடித்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

கைசா ரொம்ப நேரம் பார்த்தார், ஏதோ தட்டெழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினார்.

திமோ கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டார்.

"போச்சு" என்றார் திமோ. "அது ஃபின்லாந்துத் தலை. இல்லைங்கிறாங்க."

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த நெதெல்காவின் போனில் ஏதோ வந்த மணி அடித்தது. திரையில் கைசா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். ராய்னாவால் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்க்க முடியவில்லை. "இது உங்க ஊர் ஆமாம்ங்கிறாங்க. ரெண்டு நாளா கண்ணாடி முன்னால நின்னு பழகினாங்களாம்."

கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டிருந்த பென்காவும் இன்னும் பத்துத் தையல்காரிகளும் உள்ளே வந்து விழுந்தார்கள். பென்கா போனைப் பிடுங்கி அந்த வட்டப் படத்தைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். "நெதெல்கா. ஃபிட்டிங். பேட்டர்னில் இருந்த குறையைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்தார். அதை மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னார்." கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள்.

தையல்காரிகள் சிரித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், இரண்டு பேர் அழுதார்கள். திமோ பொம்மைக்குக் கிட்டே போய் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார், வலது தோளையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாம்பிள் ரூம் சாவியை எடுத்தார்.

"திங்கட்கிழமை பொறுப்பை எடுத்துக்கிறியா?"

நெதெல்காவின் வாயில் மறுபடி எட்டு ஊசி இருந்தது. அவள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினாள்.